நான் வசிக்காத வீட்டுக்கு வரி

துறைமுகத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தபோது, "அவருக்குச் சம்மதமோ?" என்று கேட்காத ஆளில்லை. என் கணவர் வங்கியில் பெரிய மேசைக்குப் போனபோது என்னிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று திருப்பிக் கேட்டால் சிரித்தார்கள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்களுக்கு மட்டக்களப்பில் வீடு. என் தாய் எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். என் கணவரும் அப்படித்தான் வந்தார். நல்ல மனிதர். கோபப்படத் தெரியாது. அதனால் வீட்டில் கோபப்படுகிற பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. அவருக்கு ஒரு தங்கை. அண்ணன்காரன் வீடு கட்டிக் கொடுக்காமல் தங்கைக்குக் கலியாணம் பேச ஏலாது, அதுவும் எங்கள் வழக்கம்தான். ஆகவே அவருடைய சம்பளம் கல்லும் சீமெந்தும் ஓடுமாகப் போய் அங்கே சுவராக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் குசினியில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்.

கலியாணத்துக்கு முன்பே நான் ஒப்பரேட்டர் வேலை பழகியிருந்தேன். மூன்று மொழியிலும் தடக்காமல் கதைப்பேன். திருகோணமலைத் துறைமுகத்தில் அப்படி ஓர் ஆளைத் தேடினார்கள். மட்டக்களப்பில் துறைமுகமும் இல்லை, அந்த வேலையும் இல்லை. போனேன்.

இரண்டு ஊருக்கும் இடையில் தெருவை விட ஆறுதான் அதிகம். பஸ் ஆற்றங்கரையில் வந்து நிற்கும். எல்லாரும் இறங்கி, பஸ்ஸைப் பாதையில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது அந்தத் தட்டையான பெரிய மிதவையை. வெருகலில் ஒன்று, கங்கை என்று நாங்கள் சொல்கிற பெரிய ஆற்றில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று. மாரியில் வெருகல் பெருகினால் பஸ்ஸே ஓடாது. மகளை அவளுடைய தகப்பனும், அவருடைய தங்கையான என் மச்சாளும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மார்கழி முழுவதும் நான் அவளுடைய முகத்தைக் காணவில்லை. தையில் போனபோது மச்சாளின் சீலைக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது நாலு வயது.

அன்றைக்கு முடிவெடுத்தேன். அடுத்த தையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது. போகிற பள்ளிக்கூடம் திருகோணமலையில்தான்.

அதற்கு வீடு வேண்டும். நான் இருந்தது துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு வீட்டின் முன்அறை. சமைக்கக் கூடாது, பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள். அதற்கே என் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு போய்விடும். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முதலாளி கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்குப் பக்கத்தில் அவருடைய குடும்பம் இருந்தது, அதற்கு அடுத்ததாக இரண்டு அறையும் குசினியும் கிணறும் உள்ள ஒரு வீடு வெறுமையாக இருந்தது. அவருடைய மனைவி, "நீங்க வேலைக்குப் போங்க புள்ள, மகள என்னோட உட்டுட்டுப் போங்க. என்ட புள்ளைகளோட ஒண்டா இருக்கட்டும்" என்றார். குறைவில்லாத ஏற்பாடு. ஆனால் அந்த வாடகைக்கு என் கை எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்பதுதான் கதை.

என் சம்பளம் தனியே நின்றிருந்தால் வருமானவரி அதைத் திரும்பியும் பார்த்திருக்காது. அவ்வளவு சின்னச் சம்பளம். ஆனால் அந்தக் காலத்தில் மனைவியின் சம்பளம் கணவருடைய வருமானத்தோடு சேரும். இரண்டையும் ஒரே ஆளின் வருமானமாக எண்ணி, மேல் படிக்கு ஏற்றி, அந்தப் படிக்குரிய வரியைப் போடுவார்கள். கடிதம் அவருடைய பெயருக்கு வரும். உழைத்தவள் பெயர் உள்ளே எங்கேயோ ஒரு வரியில் கிடக்கும். எட்டு மணித்தியாலம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொழும்புக்கும் கப்பலுக்கும் லைன் கொழுவிக் கொடுத்தவள் அந்தக் கடிதத்தில் "மனைவி".

எங்கள் துறைமுகத்து இழுவைப் படகில் எஞ்சினியராக இருந்தவர் வடமராட்சிக்காரர். மனைவி பிள்ளைகள் ஊரில், அவர் இங்கே வாடகை அறையில். வேலைக்காக வீட்டைவிட்டுத் தூர இருப்பவர்கள் கொடுக்கிற வாடகையை வருமானத்தில் கழித்துத்தான் வரி போடவேண்டும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அவருக்கு அது கிடைத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் தரத்தானே வேணும் தங்கச்சி. உங்கட நிலைமையும் என்ர நிலைமையும் ஒண்டுதானே. எழுதிப் போடுங்கோ."

கணக்குப் பார்த்தேன். இரண்டு வருட வாடகையைக் கழித்தால் திரும்பி வருகிற காசு முதலாளிக்கு முற்பணம் கொடுக்கப் போதும். அதன்பிறகு மாதாமாதம் மிஞ்சுகிறதில் வாடகைக் கூடுதலையும் சமாளிக்கலாம். முதலாளி மார்கழி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். கணவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். என் வாடகைக்கு, என் சம்பளத்துக்கு, என் அறைக்கு, அவருடைய கையெழுத்து.

விசாரணைக்குத் திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவரைத்தான். மூன்று ஆற்றையும் தாண்டி, சப்பாத்தில் சேறோடு வந்து சேர்ந்தார். வரி மதிப்பீட்டாளருக்கு முன்னால் ஒரேயொரு கதிரை. பியோன் அதை என் கணவருக்கு இழுத்துப் போட்டான். அவர் என்னை இருக்கச் சொன்னார். நான் இருந்தேன். அதன்பிறகு மதிப்பீட்டாளர் என் தலைக்கு மேலால், நின்றுகொண்டிருந்த அவரோடுதான் கதைத்தார். நான் கதிரையின் ஒரு பகுதி போல நடுவில் இருந்தேன்.

"உங்கட மனிசி இங்க வேலை செய்றது தேவைக்கோ, விருப்பத்துக்கோ?"

இழுவைப் படகுக்காரரிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அவரிடமே விசாரித்தேன். ஆண்பிள்ளை வேலை செய்வது தேவைக்கா விருப்பத்துக்கா என்று கேட்கிற அளவுக்கு யாருக்கும் அங்கே நேரமில்லை.

என் கணவர் நிமிர்ந்தார். சட்டையின் முன்பக்கத்தை இழுத்து நேராக்கினார். அந்தக் கையசைவைக் கண்டவுடனேயே என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"விருப்பத்துக்குத்தான் சேர். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அவ படிச்சவ. சும்மா இருக்க ஏலாது எண்டுதான் வந்தவ."

எங்கள் ஊர் ஆண்கள் யாரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தினாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அரசாங்கக் கந்தோரில், அறியாத ஒரு மனிதருக்கு முன்னால், என் மனிசியின் சம்பளத்தில்தான் அரிசி வாங்குகிறோம் என்று சொல்ல எந்த வாய் திறக்கும்? கடன் இருந்தாலும் காட்டமாட்டோம், பசி இருந்தாலும் "இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்போம். அவர் பொய் சொல்வதாகவே நினைக்கவில்லை. என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்தார். மதிப்பீட்டாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

நான் வாய் திறந்தேன். "சேர், அவர்ட சம்பளம் தங்கச்சிக்கு வீடு கட்டப் போகுது."

"அது உங்கட குடும்ப விசயம்" என்றார், முதல் தடவையாக என்னைப் பார்த்து. பிறகு மறுபடியும் மேலே பார்த்தார். "வரி கட்டுறவர் நீங்கள். நீங்கள் மட்டக்களப்பில உங்கட வீட்டில இருக்கிறீங்கள். அப்ப ஆர் வீட்டை விட்டுத் தூர இருக்கிறது?"

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், கோபத்தில். சம்பளத்தை எண்ணும்போது நானும் அவரும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் மட்டக்களப்பில் சொந்த வீட்டில் சுகமாக இருக்கிறார். அப்படியென்றால் திருகோணமலையில் முன்அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, சைவக்கடைச் சோற்றைத் தின்றுகொண்டு இருக்கிறது எந்தப் பேய்? கேட்கவில்லை. மதிப்பீட்டாளர் பைலை மூடிவிட்டு, என்னைத் துறைமுகத்தில் கட்டாயமாக வைத்திருக்கிறார்களா என்று துறைமுகக் கந்தோரில் விசாரித்துவிட்டு முடிவு அனுப்புவதாகச் சொன்னார்.

வெளியே மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தோம். அந்த ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வந்து எங்கள் பக்கத்தில் நின்றது.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? மனிசிட உழைப்பில சாப்பிடுறன் எண்டோ?"

"ஓம். அதத்தான் சொல்லியிருக்க வேணும்."

அவர் தன் சோற்றில் பாதியை மானுக்கு வைத்தார். எனக்கு அந்த மானின் மேலும் கோபம் வந்தது.

அதற்கு அடுத்த கிழமை, பகல் வேலையில் இருந்தேன். கச்சேரியில் இருந்து ஒரு டெலிபோன் கோல் வந்தது. குரலைக் கேட்டதும் ஆளை அறிந்துகொண்டேன். மதிப்பீட்டாளர்தான், எங்கள் நிர்வாக அதிகாரியைக் கேட்டார். கொழுவிக் கொடுத்தேன். ஒப்பரேட்டர் மற்றவர்களின் கதையைக் கேட்கக் கூடாது. ஆனால் கோல் நிற்கிறதா அறுந்துவிட்டதா என்று இடைக்கிடை சுவிட்ச்போர்ட்டில் அந்த லைனுக்குரிய சாவியைத் தட்டிக் கேட்டுப் பார்ப்பது எங்கள் வேலையின் ஒழுங்கு. அன்றைக்குத் தட்டிய சாவியை நான் திருப்பி எடுக்கவில்லை.

எங்கள் நிர்வாக அதிகாரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருக்குக் கொழும்பில் சொந்த வீடு, மனைவி பிள்ளைகள் அங்கே. இங்கே மேட்டில், கடலைப் பார்த்தபடி, கந்தோர் கொடுத்த பங்களா. பேருக்குத்தான் வாடகை. சமைக்க ஆள், தோட்டத்துக்கு ஆள். உமது வீடு எது, இங்கே விருப்பத்துக்கு இருக்கிறீரா என்று அவரை ஒரு காக்கைக் குஞ்சும் கேட்கவில்லை.

"அவவை ஒருத்தரும் பிடிச்சு வைச்சிருக்கேல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அவவா விரும்பி வந்தவ. நாளைக்குப் போறன் எண்டாலும் விட்டுடுவம். உண்மையைச் சொன்னா, கலியாணம் முடிச்ச பொம்பிளையள் வீட்டோட இருக்கிறதுதான் நல்லது. இதுக்கெல்லாம் வரிக்கழிவு குடுத்தா இன்னும் நாலு பேர் வெளிக்கிடுவினம்."

"மட்டக்களப்பு வீடு புருசன்ட தானே?"

"ஓம், ஓம். அவரின்ர வீடுதான்."

அதுவரைக்கும் நான் பொறுத்திருந்தேன். மகள் சீலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது நினைவில் வந்ததா, அல்லது வெறும் எரிச்சல்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய்க்கு முன்னால் இருந்த குழாயில் கதைத்தேன்.

"அது என்ட வீடு சேர். சீதன உறுதிப் பத்திரம் என்ட பேரில இருக்கு. அவர்தான் என்ட வீட்டில இருக்கிறார்."



"ஆர் கதைக்கிறது?" என்றார் மதிப்பீட்டாளர்.

"துறைமுக எக்ஸ்சேஞ்ச். கதைச்சு முடிஞ்சுதோ?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, பிளக்கை இழுத்தேன்.

கதை ஒட்டுக்கேட்டதற்கு விளக்கம் கேட்டார்கள். கேட்டதை மறுக்கவில்லை, கேட்டது பொய் என்பதால் திருத்தினேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் அந்தக் கடிதத்தை வாங்கினேன்.

வரிக் கந்தோரின் பதில்தான் என்னைக் குனிய வைத்தது. கழிவு இல்லை. நான் விரும்பி வந்தவள், என் கணவரே சொல்லியிருக்கிறார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மட்டக்களப்பு வீடு மனைவியின் சொத்து என்று விசாரணையில் தெரியவந்திருப்பதால், சொந்த வீட்டில் குடியிருக்கும் வசதிக்கு ஒரு வாடகைப் பெறுமதி மதிக்கப்பட்டு, அதுவும் வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது. மூன்று தரம் வாசித்தேன். நான் இருக்கிற அறைக்கு நான் கொடுக்கிற வாடகை செலவில்லை. நான் இருக்காத வீட்டில் நான் இருக்கிறேன் என்று எனக்கு வருமானம். உண்மையைச் சொன்னதற்குக் கூலி இது. என் வாயால் நானே என் வீட்டுக்கு வரி கூப்பிட்டேன்.

மார்கழி பிறந்தது. முதலாளியிடம் போனேன். அவர் என்னைக் கண்டதும் கடையில் இருந்து எழுந்து வந்தார்.

"என்ட கையில இல்ல புள்ள. புதுசா வாற அதிகாரி ஒருத்தருக்கு எண்டு உங்கட கந்தோராலதான் வந்து கேட்டாங்க. வாடகையும் அவங்களே தாறாங்களாம். ஒரு வருசத்துக்கு முன்காசு."

அந்த அதிகாரி தனி ஆள். அவருக்கு இரண்டு அறை, குசினி, கிணறு. வாடகை கந்தோர் கணக்கு. நான் அந்த வாசலில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல். முதலாளியின் மனைவி வெளியே வந்து என் கையைப் பிடித்தார். பிறகு அவர்கள் இருவரும் உள்ளே போய் ஏதோ கதைத்தார்கள். கடைக்குப் பின்னால் சாமான் வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதை ஒதுக்கி, வெள்ளை அடித்து, பக்கத்தில் ஓலையால் ஒரு குசினி இறக்கித் தருவதாகச் சொன்னார்கள். வாடகை பாதிதான். அந்தப் பாதியும் என்னிடம் இல்லை. உயர்வை நிறுத்திவிட்டார்கள், வரியைக் கூட்டிவிட்டார்கள்.

லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அந்த வருடம் வெருகல் பெருகாமல் என்னைப் போக விட்டது. பஸ்ஸில் ஆறு ஆறாகத் தாண்டும்போது எனக்குள் ஒரு கணக்குத் தெளிந்தது. வீட்டுக்குப் போய், கால் கழுவி, அவர் தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் பொறுத்தேன்.

"இஞ்சாருங்க, இது என்ட வீடுதானே?"

"ஓம். அதில என்ன?"

"இதுக்கு இவ்வளவு வாடகைப் பெறுமதி எண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு. நான் இங்க இல்ல. நீங்க இருக்கிறீங்க. மாசாமாசம் எனக்கு வாடகை அனுப்புங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"மனிசிக்கு வாடகை கட்டுறதோ? சனம் என்ன கதைக்கும்? தங்கச்சிட வீட்டுக்கு இன்னும் ஓடு போடல்ல."

"ஓடு ரெண்டு மாசம் பிந்திப் போடலாம். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போற வயசு பிந்தாது. அவளை நான் கொண்டு போறன்."

அவருடைய முகம் மாறியது. வாடகைக்கு அல்ல என்று எனக்கு விளங்கியது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மகள் மச்சாளுக்கு ஏதோ பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவளும் போனா இந்த வீட்டில நான் என்ன செய்றது?"

"நான் அங்க என்ன செய்தனானோ, அதைச் செய்ங்க."

கொஞ்சம் கூடிய சொல்தான். ஆனால் இத்தனை நாளும் அவரிடமோ வரிக்காரரிடமோ நான் விளங்கப்படுத்த முடியாமல் போன விசயம் அந்த ஒரு சொல்லில் அவருக்கு விளங்கிற்று.  அடுத்த நாள் காலையில் மகளின் உடுப்புகளை அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார். முதல் மாத வாடகையை என் கையில் தந்தார். பிறகு மாதம் பிறந்தால் மணியோடர் தவறாமல் வரும். தகவல் எழுதுகிற இடத்தில் "வீட்டு வாடகை" என்று எழுதுவார். மட்டக்களப்பில் தபால் கந்தோர்க்காரர்கள் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் அதை நிறுத்தவில்லை. வரிக்காரருக்கு நாங்கள் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓர் ஆள் தனக்குத்தானே வாடகை கட்ட ஏலாது என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்திருக்கும்.

தை பிறந்து, நாங்கள் குடிவந்த சாமான் அறையில் இருந்து புறப்பட்டு மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனேன். பதிவு எழுதிய ஆசிரியை இரக்கமான ஆள். பயப்படாமல் இருக்கட்டும் என்று மகளிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பெயர் சொன்னாள். வயது சொன்னாள்.

"அப்பா எங்க இருக்கிறார்?"

"மட்டக்களப்பில."

"அங்க சொந்த வீடோ?"

"இல்ல டீச்சர். அப்பா அம்மாட வீட்டில வாடகைக்கு இருக்கிறார்."

ஆசிரியையின் பேனை நின்றுவிட்டது. பிள்ளை உளறுகிறாள், திருத்துங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றா" என்றேன். "அப்பிடியே எழுதுங்க."